கீழாநெல்லி கவசம் இல்லீங்க

எங்க வரப்புல கீழாநெல்லிக்குப் பஞ்சமில்லை. களையெடுத்தா கூடை கூடையா வரும். அதையே காயவைத்து கேப்சூலில் அடைத்து, எந்த மாத்திரை சாப்பிட்டாலும் கல்லீரலைக் காக்கும்னு உங்க ஊர்ல விக்கிறாங்க. நம்பி வாங்குறதும் நீங்கதான்!

காசநோய்க்கு வழக்கமா 6 மாதம் மாத்திரை. அதிலுள்ள ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கலாம். எங்க தெருவுல ஒருத்தருக்குக் கண் மஞ்சளாச்சு. டாக்டரிடம் சொல்லலை. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடிச்சுக்கிட்டே மாத்திரையையும் தொடர்ந்தார். பத்தாம் நாள் தூக்கிக்கிட்டுத்தான் போனோம்.

செடியைப் பழிக்கலை. எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கு. அதை வைத்து மனுஷனுக்கு உத்தரவாதம் கொடுப்பதுதான் மோசடி. கண் மஞ்சளானா அம்மியைத் தேடாதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, ரத்தம் கொடுத்துச் சோதிங்க.