இணையவழிப் பட்டமும் இரவு பத்து மணியும்

உசிலம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் பெண்மணி ஒருவர், சென்ற மாதம் தம் விண்ணப்பம் ஒன்றைச் சரிபார்த்துத் தருமாறு என் வீட்டுக்கு வந்தார். வயது 38. பிளஸ் 2 முடித்த கையோடு திருமணம். மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, தாமும் பி.காம். படிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. இணையவழிப் படிப்பு என்பதால் பாடம் கைப்பேசிக்கே வந்துவிடும். எப்போது படிப்பீர்கள் என்று கேட்டேன். “ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சார். அதுவும் மக போனைக் குடுத்தா.”

இவர் எந்தத் தலைமுறை என்பதையும் சொல்ல வேண்டும். 1986-இல் ஓர் ஆங்கில இதழின் அட்டைப்படக் கட்டுரையால், பெண் சிசுக்கொலை நடக்கும் ஊர் என்று உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அந்த ஆண்டுகளை ஒட்டிப் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கும் சென்ற பெண்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரியில் சேர விரும்புவதைப் பொழுதுபோக்கு என்று கருத என்னால் இயலாது.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறுவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்திலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பேருந்து செக்கானூரணியைக் கடந்து அதன் வாசல் வழியாகத்தான் போகிறது. விடுமுறை நாள்களின் தொடர்பு வகுப்புகளில் நானும் பாடம் நடத்தியிருக்கிறேன். நடத்துநர்கள், காவலர்கள், இடைநிலை ஆசிரியர்கள் எனப் பலரும் வருவார்கள். ஒருமுறை தேவை நெகிழ்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தபோது பூ வியாபாரி ஒருவர் குறுக்கிட்டார். தை முகூர்த்தத்தின்போது பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலை பல மடங்கு ஏறினாலும் கல்யாண வீட்டார் வாங்காமல் போவதில்லை. சாதாரண நாளில் சற்று ஏறினாலே வீட்டுப் பெண்கள் முழத்தைக் குறைத்துக்கொள்வார்கள் என்றார். அதன்பின் அந்தப் பாடத்தை நான் அவருடைய உதாரணத்தைக் கொண்டே நடத்தினேன். வயது வந்த மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. பதிவு செய்யப்பட்ட காணொலிப் பாடத்தில் அவர் குறுக்கிட வழியில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எனினும் இணையவழியின் நன்மைகள் சிறியவை அல்ல. விடுப்பு எடுக்க வேண்டாம். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். புரியாத பாடத்தை யாரும் அறியாமல் நான்கு முறை கேட்கலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் தரும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பள்ளி இறுதித் தேர்வுகளை எழுதாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம், 2009-ஆம் ஆண்டு அரசாணையின்படி தமிழ்நாட்டில் அரசுப் பணிக்குச் செல்லாது. பணம் கட்டும் முன் இதை அறிந்துகொள்வது நல்லது.

படிப்பின் விலை கட்டணம் மட்டுமன்று. படிக்கும் நேரத்தில் வேறு எதைச் செய்திருக்க முடியும் என்பதும் அதில் சேரும். பதினெட்டு வயதுக்காரருக்கு அந்த நேரத்தைக் குடும்பம் மனமுவந்து தருகிறது. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணோ அதைத் தம் உறக்கத்திலிருந்து எடுக்கிறார். கருவியும் அவருடையதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் இந்தியாவில் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிப்பேரை அது எட்டவில்லை.

ஆகவே இடையில் நின்றுவிடுபவர்களை ஊக்கம் இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இணையப் படிப்புகளில் 2017-18-இல் சேர்ந்தோரில் நூற்றுக்குச் சுமார் 3 பேரே முடித்தனர். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்களே முடித்தனர். வசதி படைத்தோர் பலர் சேரும் இடத்திலேயே நிலைமை இது.

நம் கணக்கேடுகளிலும் இவர்களுக்கு இடமில்லை. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 2021-22-இல் தமிழ்நாடு 47-ஐ எட்டியது. நாட்டின் சராசரி 28.4. பெருமைதான். ஆனால் அந்த விகிதம் 18 முதல் 23 வயது மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டது. படிக்காமல் விடுபட்ட முப்பத்தெட்டு வயதுக்காரரை அது ஒரு குறையாகக் காட்டுவதே இல்லை. அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டமும் தொலைநிலையில் பயில்வோரைச் சேர்ப்பதில்லை.

இந்த வயதில் பட்டம் பெற்று வருமானம் எவ்வளவு உயரும் என்று என் துறை நண்பர்கள் கேட்பார்கள். உசிலம்பட்டி ஜவுளிக்கடையில் பி.காம். பட்டத்துக்காக ஊதியம் உயராமலும் போகலாம்; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த வாதத்தை ஏற்றால், இளமையில் வாய்ப்பை இழந்தவர் என்றைக்கும் இழந்தவராகவே இருக்க வேண்டியதுதான்.

நான் கேட்பது பெரிய செலவன்று. ஒவ்வொரு வட்டத்திலும் அரசு நூலகத்தின் ஓர் அறை, நான்கு கணினிகள், இணைய இணைப்பு, ஞாயிறுதோறும் சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர். என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம். குறுக்கிட்டுக் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தால், காணொலிப் பாடமும் அவர்களுக்கு முழுமையாகப் பயன்படும். வீட்டில் கிடைக்காத இரண்டு மணி நேரம், வெளியே ‘வகுப்பு’ என்ற பெயர் இருந்தால் பெண்களுக்குக் கிடைத்துவிடும்.

விண்ணப்பத்தை அன்று எளிதில் முடிக்க முடியவில்லை. சேர்க்கைக்கான அடையாள எண் பெற ஆதாரில் பதிந்த கைப்பேசிக்குக் கடவு எண் வரும். அந்தக் கைப்பேசி திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரிடம் இருந்தது. அவர் இயந்திர இரைச்சலுக்கு நடுவே எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் இருமுறை காலாவதியாகிவிட்டது. மூன்றாம் முறை, தேநீர் இடைவேளையில் கிடைத்தது.