ஊர்க்காதுக்குத் தரம் தெரியாதா?

கையில் தூக்கிப்போகும் புளூடூத் ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வடமதுரைப் பக்கத்து மக்களுக்கு ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். திண்டுக்கல்லில் ஒலிக்கருவிகள் விற்பவர் அவர். நீண்ட கட்டுரை, சாரம் மட்டும் சிறியது. வாட் கூடுதலாக இருப்பதை வாங்க வேண்டும்; புளூடூத்தின் எண் புதிதாக இருந்தால் பாட்டு துல்லியமாகும்; ஐபிஎக்ஸ்7 என்று அச்சிட்டிருந்தால் காடு கரை எங்கும் கொண்டுபோகலாம்; பேஸ் இடிக்க வேண்டும், ஏனென்றால் நம் காது பறைக்குப் பழகிய காது; மற்ற நுட்பங்கள் நகரத்து அறைகளில் உட்கார்ந்து கேட்பவர்களின் கவலை. முதல் நான்கும் தவறு. ஐந்தாவது தவறு அல்ல, அவமதிப்பு. அந்த அவமதிப்புக்கு முட்டுக்கொடுக்கத்தான் மற்ற நான்கையும் நட்டிருக்கிறார் என்பதால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

வாட்டிலிருந்து தொடங்குவோம். வாட் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்திறன், வெளியே வரும் சத்தத்தின் அளவு அல்ல என்பதைப் பள்ளி இயற்பியல் படித்தவரே சொல்லிவிடுவார். 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காது உணர வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும். திறந்தவெளியிலோ தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் கரைந்துபோகிறது. தக்காளி பறிக்கும் ஆட்கள் இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்ந்துவிட்டால் அதே சத்தம் அவர்களை எட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும், அல்லது பெட்டியைத் தூக்கி அவர்கள் பக்கத்தில் வைத்தால் போதும். கையில் தூக்கிப்போகும் கருவி எதற்காகப் பிறந்தது என்ற அடிப்படையே புரியாதவர் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதலாமா? கேசட் காலத்தில் பெட்டிமேல் பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று கூசாமல் அச்சிட்டு விற்றார்கள். அந்த எண்ணுக்கும் உள்ளே சத்தம் எழுப்பும் பாகமான டிரைவரின் உண்மையான தாங்குதிறனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்து மாறியிருக்கிறது, வித்தை அதேதான்.

இன்னொரு வேடிக்கையையும் வாசகர் கவனித்திருப்பார். கட்டுரையின் முதல் பக்கத்தில் கோயில் விழாக்களில் கட்டும் கூம்புக் குழாய்களை இவர் சாடுகிறார். காதைக் கிழிக்கும் வன்முறை என்கிறார். நியாயம்தான். கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு 160 வாட் பார்ட்டிப் பெட்டி வாங்கச் சொல்கிறார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அந்தப் பெட்டியை எங்கே வைத்து, எத்தனை மணிக்கு, யார் காதில் ஊற்றச் சொல்கிறார்? குழாய் கட்டினால் வன்முறை, தன் கடையில் வாங்கினால் ரசனையா?

இனி பறைக்கு வருவோம். இவருடைய அறியாமை முழு உருவத்தோடு எழுந்து நிற்கும் இடம் இதுதான். பறையை அடிப்பதற்கு முன் ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள்? தோல் இறுகினால்தான் அடி சுளீரென்று விழும். அடிக்குச்சி ஒரு பக்கம் இருக்க, மெல்லிய சிண்டுக்குச்சி எழுப்பும் அந்தக் கூர்மைதான் ஆட்டக்காரனின் காலை எழுப்புகிறது. தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். கழி விழும் தொப்பிப் பக்கம் அடிநாதத்தைத் தாங்குகிறது, விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலை சொற்களைக் கல்வெட்டாகச் செதுக்குகிறது. நாதஸ்வரமோ உச்சியில் நின்று ஊரையே அழைப்பது. வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் கோயில் ஆடித் திருவிழாவிலும் சுற்றுப்பட்டிக் கோயில்களிலும் கேட்டு வளர்ந்த காது, உச்சத்தையும் நடுவையும் அடியையும் தனித்தனியே பிரித்தறிந்த காது. அதை வெறும் 'டம் டம்'முக்கு ஏங்கும் காது என்று எழுத இவர் எந்தத் திருவிழாவுக்குப் போனார்?

சரி, ஒரு பேச்சுக்கு அவர் கேட்கும் பேஸையே கேட்போம். இயற்பியல் தருமா? அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். உள்ளங்கை அகலக் கூம்பு எவ்வளவுதான் அசையும்? கையடக்கப் பெட்டிகள் பெரும்பாலும் 60, 65 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதை மறைக்க 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிவிட்டு அதையே பேஸ் என்று விற்கிறார்கள். அந்தத் தூக்கல் பாடகரின் குரலில் கம்பளியைப் போர்த்துகிறது. சத்தத்தை முழுதாகக் கூட்டினால் இன்னொன்றும் நடக்கும்: டிரைவர் கிழிந்துவிடாமல் காக்க உள்ளே இருக்கும் சில்லு பேஸைத் தானாகவே வெட்டிவிடும். கடையின் மூலைச் சுவரில் வைத்துக் காட்டும்போது சுவர் கூட்டிக்கொடுத்த அடி, காட்டுக்குள் கொண்டுபோனால் காணாமல் போகும். வியாபாரி இதை அறிய மாட்டாரா? அறிந்துதான் மூலையில் வைக்கிறார்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்து போகும். அதன் ஒவ்வொரு சுரமும் காதில் விழ வேண்டும். ஊதிப் பெருத்த அடியில் எல்லாச் சுரமும் ஒரே முனகலாகிவிடும். இந்தப் பெட்டிகளைச் சோதிக்க எனக்குத் தெரிந்த கண்டிப்பான பாட்டு 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசித்த 'சிங்கார வேலனே'. குரலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும். மட்டமான பெட்டி அந்த இடத்தில் கரகரத்து மூக்கால் அழும். ஸ்டீரியோவுக்காக இரண்டு பெட்டி வாங்கச் சொல்கிறாரே, இந்தப் பாட்டு ஒற்றைத் தடத்தில் பதிவானது. இதில் இரண்டாவது பெட்டி கூட்டப்போவது வியாபாரியின் கல்லாவை மட்டுமே.

புளூடூத் எண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 5.0 பதிப்பு பேசிய வேகமும் தூரமும் குறைமின்சக்தி இணைப்புக்கானவை. பாட்டு இன்னமும் பெரும்பாலும் 2003இல் வகுத்த ஏ2டிபி என்ற பழைய பாதையில்தான் போகிறது. 2020இல் அறிவித்த எல்இ ஆடியோதான் புதிய பாதை. ஃபோன், ஸ்பீக்கர் இரண்டிலும் அது இருந்தால்தான் பயன். இவர் கட்டுரையில் அந்தப் பெயரே இல்லை.

ஐபிஎக்ஸ்7 விஷயத்தில் இவர் செய்திருப்பது தீங்கு. ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பது 7. நடுவில் நிற்கும் எக்ஸ், தூசிக்குச் சோதிக்கவில்லை என்பதன் அடையாளம். செம்மண் புழுதியும் நூல்மில்களின் பஞ்சுத் தூசியும் பறக்கிற பூமியில் பெட்டியைக் கொல்லப்போவது வெள்ளமா, தூசியா? நமக்கு வேண்டியது தூசிக்கு 6, நீருக்கு 7 என்று இரண்டும் சோதித்த ஐபி67. ஜேபிஎல் நிறுவனமே ஃபிளிப் 5இல் ஐபிஎக்ஸ்7 கொடுத்துவிட்டு, ஃபிளிப் 6இல் ஐபி67க்கு மாறியது. தயாரித்தவருக்கே புரிந்த குறை விற்பவருக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. நீரில் மூழ்கினாலும் தாங்க வேண்டும் என்று வற்புறுத்தும் இவர் கடைசியில் 160 வாட் பெட்டிக்கு வந்து முடிக்கிறாரே, அந்த வகையில் எல்லோரும் அறிந்த ஜேபிஎல் பார்ட்டிபாக்ஸ் 110க்கு இருப்பது ஐபிஎக்ஸ்4. தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும். தன் நான்காம் பக்கத்தைத் தன் ஒன்பதாம் பக்கமே மறுப்பதைக்கூடப் படித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.

பண்பலை வானொலி செத்துப்போன வசதி என்று ஒரே வரியில் ஒதுக்குகிறார். 100.5இல் ஒலிக்கும் கோடை பண்பலை மலையுச்சியில் நின்று பரப்புவதால்தான் இந்தச் சமவெளி முழுக்கத் தடையில்லாமல் வந்து விழுகிறது. டேட்டா தீர்ந்த பிறகும், ஃபோனை மகன் எடுத்துக்கொண்டு போன பிறகும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாட்டும் செய்தியும் தருகிறது. 2017இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாடல்களை உள்ளேயே பதிந்து, பொத்தான் வைத்துக் கொண்டுவந்த கார்வான் எதற்காக வீடு வீடாகப் போனது? குரல் தெளிவும் கைக்கு எளிய பொத்தானும் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான். அவர்களைத்தான் இவர் நுட்பம் தெரியாதவர்கள் என்கிறார்.

இத்தனை பக்கங்களில் பேட்டரிக்கு அவர் ஒதுக்கிய இடம் ஒரு வாக்கியம்: இரண்டு ஆண்டு உழைத்தால் போதும், பிறகு புதியது வாங்கிக்கொள்ளலாம். நோக்கம் வெளிப்படும் வாக்கியம் இதுதான். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு சார்ஜில் தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் டிராக்டர் மேல் கிடந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். பெட்டிமேல் 20 மணி நேரம் என்று போட்டிருப்பது மிதமான சத்தத்துக்கான கணக்கு, முழுச் சத்தத்தில் அதில் பாதிகூட நிற்காது. ஆகவே பேட்டரியை மாற்ற முடியுமா என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது. அங்கே உரிமையாகப் போவதை இங்கே ஒருவர் கேட்காமலே இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்குப் பெயர் ஆலோசனையா?

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், முதுகைத் தடவிப் பார்க்காமல் காசைக் கொடுப்பதில்லை. அதே மனிதர் ஸ்பீக்கர் கடைக்கு வரும்போது மட்டும் எதையும் சோதிக்காமல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்று இவர் எதிர்பார்ப்பது ஏன்? பெட்டியைக் கடைக்கு வெளியே, தெருச் சத்தத்துக்கு நடுவே வைத்து, பத்தடி தள்ளி நின்று தனக்குப் பழகிய பாட்டையும் ஒரு செய்தி வாசிப்பையும் முழுச் சத்தத்தில் கேட்கட்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா பார்க்கட்டும். அதற்கு அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அவர் மறுப்பு எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம்: தன் கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் எவற்றுக்கெல்லாம் தனி பேட்டரி கிடைக்கும், என்ன விலைக்கு?