பேருந்து காட்டும் மெக்சிகோ



நம் குடும்பங்களுக்குக் கடல் கடந்த பயணம் புதிதன்று. பிழைப்பை நாடிக் கணவர் செல்வார். மனைவியோ அவர் சொல்லக் கேட்டே அந்த நாட்டை அறிவார். இருவரும் சேர்ந்து ஓர் அயல்நாட்டைக் காண்பது செல்வந்தர்க்கே உரியது என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அளவான பணத்திலும் அது இயலும் என்பதற்கு மெக்சிகோ நல்ல எடுத்துக்காட்டு. விமானக் கட்டணம் பெரிதுதான். ஆனால் அந்த மண்ணில் இறங்கிய பிறகு ஆகும் செலவைத் தம்பதியர் தம் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் துணை நிற்பது பேருந்து.

1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு இரயில்வே தனியார் வசமானபோது பயணிகள் இரயில்கள் பெரும்பாலும் நின்றுபோயின. 2023 டிசம்பரில் 'மாயா இரயில்' ஓடத் தொடங்கியது போன்ற புதிய முயற்சிகள் உண்டெனினும், ஊர்விட்டு ஊர் செல்லும் எளிய மக்களுக்குப் பேருந்தே துணை. எனவே அதன் ஏற்பாடுகள் செம்மையானவை. தலைநகரில் திசைக்கொன்றாக நான்கு பெரிய பேருந்து நிலையங்கள் உள்ளன. நான்கையும் நகர இரயில் தொட்டுச் செல்கிறது. 1969இல் தொடங்கிய அந்த இரயிலின் கட்டணம் 2013இல் 5 பெசோவாக நிர்ணயிக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு நிலையத்திற்கும் பெயருடன் ஒரு சித்திரச் சின்னமும் உண்டு. எழுத்தறியாதோரையும் எண்ணிச் செய்த இந்த ஏற்பாடு, ஸ்பானிய மொழி தெரியாத பயணிக்கும் கைகொடுக்கிறது. கடைகளில் விலைக்கு முன்னால் டாலர் குறியைக் கண்டு திகைக்க வேண்டாம். அங்கே அது பெசோவைக் குறிக்கும்.

பேருந்துகளில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் பிரிவுகள் உண்டு. முதல் வகுப்பு சுங்கச்சாலை வழியே விரைந்து செல்லும். இருக்கைக்கு எண் உண்டு. நெடுந்தூர வண்டிகளில் கழிப்பறையும் குளிர்சாதனமும் உண்டு. அந்தக் குளிர் எலும்புவரை ஊடுருவும். போர்வையைப் பெட்டியில் பூட்டிவிடாமல் கையில் வைத்திருப்பது நல்லது. இரண்டாம் வகுப்பு சிற்றூர்தோறும் நிற்கும். சந்தைக்குச் செல்வோரும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்குவர். குறுகிய பகற்பயணத்திற்கு இதுவே போதும். நாட்டின் முகத்தையும் இதில்தான் காணலாம். ஆனால் நெடிய மலைப்பாதையில் சில பெசோக்களை மிச்சப்படுத்த எண்ணி மனைவியின் முதுகை வருத்துவது சிக்கனமாகாது. இரவுப் பேருந்து விடுதி வாடகையை மீதப்படுத்தும் என்பது உண்மை. எனினும் எந்தத் தடத்தில் இரவில் செல்லலாம், எதில் கூடாது என்பதை உள்ளூராரிடம் கேட்டறிந்த பின்னரே சீட்டு வாங்க வேண்டும்.

தலைநகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் புவேப்லா நகரம் வந்துவிடும். சாலை 3,000 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். வானம் தெளிந்திருந்தால் புகை கக்கும் போபோகாதெபெட்ல் எரிமலையைச் சன்னல் வழியே காணலாம். 1531இல் நிறுவப்பட்ட இந்நகரின் வீட்டுச் சுவர்களில் வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர் 'அஸுலேஹோ'. அரபு பயின்றோர்க்கு இச்சொல் புதிதாக இராது. 'அஸ்ஸுலைஜ்' என்னும் சொல்லே இவ்வாறு உருமாறியது. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் வளர்ந்த கலை, ஸ்பானியருடன் கடல் கடந்து சென்றிருக்கிறது. அருகிலுள்ள சோலுலாவிற்கு நகரப் பேருந்திலேயே செல்லலாம். மண்மூடிக் குன்றுபோல் காட்சி தரும் அங்குள்ள பிரமிடு, கொள்ளளவில் உலகிலேயே மிகப் பெரியது. அவ்வூரில் 49 குவிமாடங்கள் கொண்ட தேவாலயம் ஒன்றும் இருக்கிறது. அதனுள் நிரைநிரையாக நிற்கும் தூண்களைக் காண்போர்க்குக் கொர்தோபாவின் பள்ளிவாசல் நினைவுக்கு வரும்.

இனி உணவுக்கு வருவோம். நண்பகலுக்குப் பின் எளிய உணவகங்களில் 'கொமீதா கொர்ரீதா' என்னும் முழுச்சாப்பாடு கிடைக்கும். சூப்பு, சோறு, ஒரு முதன்மைப் பதார்த்தம், பழச்சாறு கலந்த நீர் ஆகிய யாவும் ஒரே விலையில் அடங்கும். மதியம் இதை உண்டு, இரவில் சந்தைப் பழங்களோடு நிறுத்திக்கொள்வோரின் செலவு பாதியாய்க் குறையும். ஆனால் நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய இடமும் இதுவே. அவித்த பயறில்கூடப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். 'மன்தேகா' என்பது அதன் பெயர். 'சின் மன்தேகா' என்றால் அது இல்லாமல் என்று பொருள். புவேப்லாவில் 'அரபு டாக்கோ' என்னும் பெயர்ப் பலகையைக் கண்டு மகிழ்ந்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள். மத்திய கிழக்கிலிருந்து குடியேறியோர் ஆட்டிறைச்சியில் தொடங்கிய அப்பண்டம், இன்று பன்றி இறைச்சியிலேயே செய்யப்படுகிறது. முட்டை, மீன், பழங்கள், சோளரொட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும். குழாய்நீரைப் பருகலாகாது, பெரிய குடுவைகளில் விற்கும் குடிநீரே ஏற்றது.

புவேப்லாவிலிருந்து தெற்கே வஹாகா செல்லும் சாலை தெவாகான் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. தூண்போல் நெடிதுயர்ந்த கள்ளிச்செடிகள் காடாய் நிற்கும் பகுதி அது. மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்காச்சோளத்தையும் மிளகாயையும் பயன்படுத்தியதற்குரிய பழஞ்சான்றுகள் அங்குள்ள குகைகளில் கிடைத்தன. நம் வீட்டு அம்மியில் அரைபடும் மிளகாயின் பூர்வீகம் மெக்சிகோ என்பதை அந்த வழியே செல்லும்போது எண்ணிப் பார்க்கலாம். வஹாகாவை அடுத்த மலையுச்சியில், சாபொதெக் மக்கள் கி.மு. 500 அளவில் எழுப்பத் தொடங்கிய மொந்தே அல்பான் நகரின் இடிபாடுகள் உள்ளன. காலையிலேயே சென்றால் வெயிலுக்கு முன் பார்த்துத் திரும்பலாம்.

அங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருப்பது சான் கிறிஸ்டோபல். குளிர்ந்த மலை நகரம். ஸ்பெயினிலிருந்து 1990களின் நடுப்பகுதியில் வந்த முஸ்லிம்களின் அழைப்பை ஏற்று, அங்குள்ள சோட்சில் பழங்குடியினரில் சிலர் இஸ்லாத்தைத் தழுவினர். மாயா மொழி பேசும் அந்தச் சகோதரர்களின் பள்ளிவாசலில் தொழுது வரும் வாய்ப்பு, பேருந்தில் அவ்வளவு தொலைவு செல்லும் பயணிக்குக் கிட்டும்.

வாசகர்களே! குறைந்த செலவுப் பயணத்தில் தம்பதியரிடையே மனக்கசப்பு தோன்றுவது பெரும்பாலும் பணத்தாலும் களைப்பாலுமே. அதற்கு மருந்தும் எளியது. ஒரு நாளுக்குரிய தொகையைக் காலையிலேயே இருவரும் மஷூரா செய்து வகுத்துக்கொள்ள வேண்டும். எந்த வண்டி, எந்த அறை, எங்கே உணவு என்பதை இருவரும் கூடியே முடிவு செய்ய வேண்டும். கணவர் கணக்குப் பார்க்க, மனைவி பொறுத்துக்கொள்வதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை. ஒருவர் களைத்தால் அன்று பயணத்தை நிறுத்திவிடலாம். நாளையும் பேருந்து வரும்.

ஸ்பானிய மொழியில் 'ஓஹலா' என்றொரு சொல் உண்டு. ஒன்று நடக்கவேண்டும் என்று விரும்புவோர் இதைச் சொல்வர். அல்லாஹ் நாடினால் என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் இது. உங்கள் இல்லத்தரசியும் ஒரு நாள் உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, அயல்நாட்டு மலைகளைத் தம் கண்ணாலேயே காண்பார், இன்ஷா அல்லாஹ்.