பதினெட்டு வயதுக்குத் திறக்கும் கேட்

ஒரகடத்தில் ஒரு டீக்கடைச் சுவர். "ஆட்கள் தேவை. பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ. வயது 18–25. பஸ், சாப்பாடு உண்டு." அந்த நோட்டீஸை ஒருவர் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். வயது 31. கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் மூன்று கம்பெனிகளின் அனுபவச் சான்றிதழ்கள். போல்ட் இறங்கும் சத்தத்தை வைத்தே மரை கெட்டதைச் சொல்லிவிடுவார். "எக்ஸ்பீரியன்ஸ்னு சொன்னா போதும் சார், போன் பண்றோம்னு அனுப்பிடுறாங்க" என்றார்.

பள்ளி முடித்த பிள்ளையை எடுப்பதில் தவறே இல்லை. 1955-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் தொடங்கியபோது ரயில் பெட்டி கட்டிப் பழகிய கைகள் இங்கே குறைவு. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று தொழில்நுட்பம் தந்தது. நம் பையன்கள் அடியிலிருந்து கற்றுக்கொண்டார்கள். இளம் வயதில் உள்ளே போனவர் பணி ஓய்வில்தான் வெளியே வந்தார். அவர் கை தேறத் தேற, பெட்டியும் தேறியது.

1961-ன் அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சி பெறுபவர் தொழிலாளர் அல்லர் என்றது. பயிற்சி முடிந்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் அதில் இல்லை. பழகியவரை ஆலைகள் வைத்துக்கொண்ட காலத்தில் அந்த ஓட்டை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்போன் ஆலை. சுற்றுக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். பல வீடுகளுக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டபோது வெளியே வந்தவர்களில் பலருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. விரல் நுனியில் எட்டு வருட வேலை. அடுத்த கேட்டில் அவர்களுக்கு வயது கடந்துவிட்டிருந்தது. சில வருடங்களில் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தை வாங்கி சார்ஜர் செய்யத் தொடங்கியது. கட்டடத்தின் வயதை யாரும் கேட்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் காற்று இதற்கு நேர் எதிராக அடிக்கிறது. கல்லூரி மாறும் வீரர் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற விதி 2021-ல் தளர்ந்தது. முன்பு பள்ளிக்கூட வாசலில் காத்துக்கிடந்த பயிற்சியாளர்கள், இப்போது வேறு கல்லூரியில் ஆடித் தேறியவரைத் தேடுகிறார்கள். பள்ளிப் பையன்களுக்கு இடம் குறைகிறது என்பது அங்குள்ள கவலை. அங்கே தேறிய கைக்கு மதிப்பு ஏறுகிறது. நம் லைனில் அதே கைக்குச் சம்பளம் கூடும், கேள்வியும் கூடும். அதனால்தான் கதவு சாத்தப்படுகிறது என்பது என் எண்ணம்.

மத்திய அரசின் 2016 திட்டம், அப்ரண்டிஸ் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, பொதுப்பணத்திலிருந்து தருவதாக வந்தது. எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேட்கும் அரசு, மூன்று வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அதே கேட்டுக்குள் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். விளம்பரத்திலிருந்து அந்த 25 என்ற வயது வரம்பை எடுக்கச் சொல்ல வேண்டும்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். ஸ்க்ரூடிரைவரை எந்தச் சாய்வில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்காது என்று மற்றவள் பேனாவை வைத்துக் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்தவளுடைய காண்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது.