ஓட ஓடச் சரியாகிவிடுமா?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் புன்னைக்காயல். முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்ற கடற்கரை இது. தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அன்று தோணியைப் பாயும் துடுப்பும் நகர்த்தின. இன்று வள்ளத்தை நகர்த்துவது டீசல் எஞ்சின்.

எஞ்சின் வேலை பார்த்து மாட்டியதும் பல நேரம் புதுத் தொல்லை தொடங்கும். ஸ்டார்ட் ஆக மறுக்கும், புகை தள்ளும், இழுவை குறையும். அப்போது வழக்கமாகக் கிடைக்கும் பதில்: "ஓட ஓடச் சரியாகிவிடும்." இந்தப் பதிலை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. ஓட ஓட அமர்வது பிஸ்டன் ரிங் மட்டுமே. வால்வு இடைவெளியும் டைமிங்கும் ஓடினால் சரியாகாது, மோசம்தான் ஆகும்.

காரணம் எளிது. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற வேண்டும். டைமிங் கியரில் ஒரு பல் தவறினாலும் வால்வு திறந்து மூடும் நேரம் மாறிவிடும், எஞ்சின் இழுக்காது. பல பற்கள் தவறினால் பிஸ்டன் வால்வில் மோதி, வால்வோ புஷ் ராடோ வளைந்துவிடும். ஆகவே கியர்களின் குறிகளை நேராக வைத்து மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் பலம் கொடுத்துத் திருப்பக் கூடாது. நடுவில் ஐட்லர் கியர் உள்ள எஞ்சினில், சுற்றிய பிறகு குறிகள் உடனே நேராக வந்து நிற்காது. அதைப் பார்த்துப் பயந்து கியரைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது டேப்பட். வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் அது சற்று உள்ளே இறங்கும், அதன் தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். இடைவெளி போதாவிட்டால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இடைவெளி அதிகமானால் 'டக் டக்' என்று சத்தம் வரும். இதைக் காதால் அளக்க முடியாது. ஃபீலர் கேஜ் வைத்து, கம்பெனி கொடுத்த அளவுக்கே வைக்க வேண்டும். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கினால் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஹெட்டைக் கழற்றுவதும் தவறு. டீசல் லைனில் காற்று நின்றிருக்கலாம், முதலில் அதை வெளியேற்ற வேண்டும். பம்ப் டைமிங் முந்தினால் எஞ்சின் தட்டும், பிந்தினால் புகையும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகே ஹெட்டில் கை வைக்க வேண்டும்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு, அப்போது நிதானமாக வேலை பார்க்கலாம். நாட்டுப்படகுக்குத் தடையும் இல்லை, ஓய்வும் இல்லை. ஒரு நாள் தொழில் போனால் ஒரு நாள் சோறு போச்சு. அதனால் உரிமையாளர் அவசரப்படுத்துகிறார், மெக்கானிக் அளவெடுப்பதை விட்டுவிடுகிறார்.

ஆனால் இந்த அவசரத்தின் விலை என்ன? கார் நின்றால் தள்ளி ஓரம் கட்டலாம். கச்சான் காற்று இந்தக் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அந்த மாதங்களில் எஞ்சின் நின்ற வள்ளம் கரை ஒதுங்காது, மேலும் மேலும் வெளியேதான் போகும். அதில் இருப்பவர்களின் உயிர் ஒரு டேப்பட் அளவில் தொங்குகிறது.

எனவே, வேலை முடிந்த எஞ்சினைக் கரைக்கு அருகிலேயே அரை நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூடாறியதும் டேப்பட்டை மறுபடி அளக்க வேண்டும். வைத்த அளவுகளை மெக்கானிக் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி கொடுப்பவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அரை நாள் தொழிலை இழக்கலாம், ஆளை இழக்க முடியாது.