தலையெழுத்தும் தட்டுச் சோறும்

"எங்கள் பரம்பரையே கனத்த உடம்புதான். பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் எங்களுக்குச் சதை போடும்." இப்பேச்சைக் கேளாத வீடு நம் ஊரில் உண்டோ? பாட்டிக்குச் சர்க்கரை, அம்மாவுக்குச் சர்க்கரை, ஆகவே மகளுக்கும் அது வந்தே தீரும் என்று முன்னதாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பரம்பரை ஒன்றே நம் உடலை ஆள்கிறது என்று கைகட்டி நிற்பது அறிவுடைமையாகாது. நம் தட்டில் விழும் சோறும் அந்த ஆட்சியில் பங்கு பெறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பரம்பரையின் கணக்கை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியவர் ஒரு துறவி. அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, பண்புகள் தலைமுறைதோறும் இறங்கிவரும் விதிகளை 1866இல் அச்சில் வெளியிட்டார். அப்பண்புகளைச் சுமந்து வருவனவற்றையே இன்று ஜீன் என்றும் மரபணு என்றும் அழைக்கிறோம். மனித உடலில் புரதம் செய்யக் கட்டளையிடும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தாம். அப்படியானால் கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பது எப்படி? எல்லா மரபணுக்களும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. பெரிய மாளிகையில் எல்லா அறைகளிலும் விளக்கு இருந்தாலும், சுவிட்சைப் போட்ட அறையில்தானே வெளிச்சம் வரும்! அந்தச் சுவிட்சுகளைத் தொடும் கைகளுள் ஒன்று உணவு.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போனால் போதும். ஏலப்பூவில் மகரந்தத்தைச் சேர்த்துக் காய் பிடிக்க வைப்பவை தேனீக்கள். ஒரு கூட்டின் ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருபவையே. முதல் மூன்று நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் தேனீப்பால் கிடைக்கிறது. அதன்பின் வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணிப் புழுவுக்கு மட்டும் இறுதிவரை தேனீப்பால். ஒன்று சில வாரங்கள் உழைத்து மடிகிறது. மற்றொன்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து கூட்டையே ஆள்கிறது. உணவு சில மரபணுக்களைத் தூண்டியும் சிலவற்றை அடக்கியும் இவ்வேறுபாட்டைச் செய்கிறது. மரபணுக்களை அடக்கும் ஒரு நொதியின் வேலையைப் புழுப் பருவத்தில் குறைத்தபோது, தேனீப்பாலைத் தொடர்ந்து ஊட்டாமலே பெரும்பாலான புழுக்கள் ராணிகளாயின என்று 2008இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காட்டினர்.

மனிதர் தேனீக்கள் அல்லரே என்பீர்கள். சரிதான். மனிதரிடம் செய்த சோதனைகளையே பார்ப்போம். பின்லாந்தில் உடற்பருமனும் அதைச் சார்ந்த கோளாறுகளும் உள்ள 47 பேரை இரு பிரிவாக்கி, 12 வாரங்கள் வெவ்வேறு தானியம் உண்ணச் செய்தனர். ஒரு பிரிவுக்கு ரை என்னும் தானிய ரொட்டியும் பாஸ்தாவும். இவை மெல்லச் செரித்து இன்சுலினை அளவோடு சுரக்கச் செய்பவை. மற்றப் பிரிவுக்கு ஓட்ஸ், கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு. எவருக்கும் எடை மாறவில்லை. ஆயினும் வயிற்றுக் கொழுப்பில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, முதற் பிரிவாரிடம் 71 மரபணுக்கள் அடங்கியிருந்தன. மற்றவரிடம் 62 மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன. அவற்றுள் உடலின் அழற்சியோடு தொடர்புடையவை பல. இவ்விவரம் 2007இல் வெளியாயிற்று.

கொழுப்பின் கதையும் இதுவே. வயிறு பருத்த 20 பேரிடம் நெதர்லாந்தில் 8 வாரங்கள் நடந்த சோதனையில், நிறைகொழுப்பை மிகுதியாக உண்டவர்களின் கொழுப்புத் திசுவில் அழற்சி மரபணுக்கள் விழித்துக்கொண்டன. அதற்குப் பதிலாக ஒற்றை நிறைவுறாக் கொழுப்பை உண்டவர்களிடம் அவை தணிந்தன. 2009இல் வெளியான ஆய்வு இது. நம் கடலை எண்ணெயில் மிகுதியாக இருப்பது இந்த இரண்டாம் வகைக் கொழுப்பே. தராசு முள் அசையாதபோதும் உடலின் உள்ளே மாற்றம் நடக்கிறது என்பது இவ்விரு சோதனைகளாலும் விளங்குகிறது. "ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லையே" என்று மனம் உடைந்து முயற்சியைக் கைவிடும் தாய்மார்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி நம் வீட்டு நிலைமைக்கு வருவோம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். அதே கணக்கில் 100க்கு 53 பேருக்கு இரத்தச் சோகை! உடல் பருத்திருக்கிறது, இரத்தம் வெளுத்திருக்கிறது. இதன் பொருள் என்ன? வயிறு நிறைகிறது, ஆனால் சத்துச் சேரவில்லை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. நகர மக்கள் பெறும் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வருவதாகவும், அதை மிகுதியாக உண்டவர்க்கு இடுப்புச் சுற்றளவும் இரத்தச் சர்க்கரையும் கூடியிருந்ததாகவும் அது கூறுகிறது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்த மலையடிவாரத்தில் கேப்பைக் களியும் கம்பங்கூழும் சோளச் சோறும்தான் அன்றாட உணவு. இன்றோ காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, இரவில் தோசை அல்லது பரோட்டா. இடையிடையே சர்க்கரை தூக்கலான டீ. விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் தூக்குச் சட்டியில் சோறும் ஊறுகாயும் இருக்கும். பருப்பும் கீரையும் முட்டையும் இராது. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதே அவளுக்கு. அவளைப் பார்த்து, "வாயைக் கட்டு" என்று உபதேசிப்பது எவ்வளவு கொடுமை! குறை அவள் நாவில் இல்லை. அவளுக்குக் கிடைக்கும் உணவில் இருக்கிறது. ஆகவே கனத்த உடலுள்ளவரைக் கேலி செய்வதை, குறிப்பாகப் பள்ளித் தோழியைப் பட்டப்பெயரிட்டு அழைப்பதை, நாம் அடியோடு விட வேண்டும்.

இதன் வேர் பிறப்புக்கும் முன்னே செல்கிறது. புனே அருகிலுள்ள கிராமங்களில் டாக்டர் சி. எஸ். யாஜ்னிக் 1993 முதல் தாய்மாரையும் சேய்களையும் தொடர்ந்து கவனித்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளிடம் குறைந்தது தசைதான். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கருவுற்றபோது ஃபோலிக் சத்து மிகுந்து, பி12 வைட்டமின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 6 வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை. மரபணுக்களை அடக்கும் மெத்தில் என்னும் முத்திரைகளை உடல் தயாரிக்க இவ்விரு சத்துக்களும் தேவை. ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால் நன்மை இல்லை. கீரையிலும் பருப்பிலும் ஃபோலிக் சத்து உண்டு. பி12 பால், தயிர், முட்டை, மீனில் கிடைக்கும். வளரும் பெண்ணுக்கு ஒரு முட்டையை மறுக்கும் வீடு, அவளுக்கும் அவளுக்குப் பின் வருவோர்க்கும் சேர்த்தே மறுக்கிறது.

இந்த அறிவியலைச் சாக்காக வைத்துக் கடை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். "எச்சிலைச் சோதித்து உங்கள் மரபணுவுக்கேற்ற உணவைச் சொல்கிறோம்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கனத்த உடலுள்ள 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் சராசரியாக 5 முதல் 6 கிலோ குறைந்தனர். யாருக்கு எது பலிக்கும் என்பதை மரபணுச் சோதனை சொல்ல முடியவில்லை. அந்தப் பணத்தில் பயறும் முட்டையும் வாங்குவது மேல்.

பரம்பரைச் சர்க்கரையை வெல்ல முடியுமா? சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் விடை தந்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி நாள்தோறும் நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது. எல்லோரும் தப்பவில்லை என்பது உண்மை. ஆயினும் 100க்கு 16 குடும்பங்கள் தப்பின அல்லவா?

ஆகவே நான் வேண்டுவன சிலவே. வீட்டில் ஒரு வேளைச் சோறாவது கேப்பை, கம்பு, சாமை, குதிரைவாலிக்கு மாறட்டும். ஆனால் மாவாக அரைத்துச் சர்க்கரை கொட்டிய கூழும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறவாதீர். தட்டில் சோறு குறைந்து, பருப்பும் காயும் கீரையும் கூடட்டும். பெண்பிள்ளைகளும் தாயும் மற்றவர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினர். அந்நல்வழி எல்லா மலையடிவார மாவட்டங்களிலும் நிலைபெறட்டும். பள்ளிகளில் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதிருக்கட்டும்!

திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று தலைப்பிட்டு, பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசினார். அருமைத் தோழியரே, பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்களை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த வேளை உணவை நம்மில் பலர் தேர்ந்தெடுக்க முடியும். தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்க்கு அவ்வழியைத் திறந்துவிடுவது மற்றவர் கடமை.