ஒடுக்கை எடுங்க, பெயிண்டை விடுங்க

அப்பாவோட பழைய டாடா 207-க்கு எஃப்.சி. வருது. டிரைவர் பக்கக் கதவுல பெரிய ஒடுக்கு. பட்டறையில் ஒரே பதில்: "தட்டி, பட்டி பார்த்து, ஃபுல் பெயிண்ட் அடிச்சிடலாம் தம்பி." அப்பா தலையாட்டிட்டார். நான் வேண்டாம்னேன். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

கம்பெனி பெயிண்ட் வெறும் கலர் இல்லை. தகட்டு மேல பாஸ்பேட், அதுக்கு மேல மின்சாரம் மூலமா படியவைக்கிற பிரைமர். அந்த பிரைமரை அடுப்பில் 150 டிகிரிக்கு மேல் சுடுவாங்க. ஓடுற வண்டிக்கு அந்தச் சூட்டை எந்தப் பட்டறையாலும் கொடுக்க முடியாது. ரப்பரும் வயரும் தாங்காது. அதைத் தேய்ச்சு எடுத்துட்டா திரும்பக் கிடைக்காதுங்க.

பெயிண்ட் வெடிக்காத, மழுங்கலான ஒடுக்கா இருந்தா உள்பக்கமா கம்பி விட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா தள்ளணும். நடுவுல ஓங்கி ஒரு குத்து விட்டா முடிஞ்சது கதை, வெளியே மேடு கட்டிடும் (முதல் ஒடுக்கில் நான் செஞ்சது அதுதான்). டியூப்லைட் நிழல் கதவுல நெளியாம விழுதான்னு பார்த்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையே போச்சு. மடிப்பு விழுந்த இடம் மட்டும் வரலை. அங்கே தகடே இழுபட்டு நீண்டுடுச்சு. விரிசல் விட்ட ஓரத்தில் துருவைச் சுரண்டி, பிரைமர் வெச்சு டச்சப் பண்ணேன். பெயிண்ட் உரிஞ்சு துரு ஏறின கதவுக்குப் பட்டறைதான் சரி, அதை மறுக்கலை.

"வெயில்ல பார்த்தா தெரியுதுடா"ங்கிறார் அப்பா. தெரியட்டும். அடுத்த வாரம் எஃப்.சி.க்கு இப்படியேதான் போறோம்.